எழுதியாயிற்று

ஜூன் 9, திங்கள்

காலையில் சபாபதி சார் எங்கள் எல்லோரையும் பெரிய அறைக்கு அழைத்து, ஓசூர் விஷயத்தைப் பற்றி இனி யாரும் எதையும் எழுத்தில் வைக்க வேண்டாம் என்றார். மெயில் வேண்டாம், வாட்ஸப் வேண்டாம், போர்டில் எழுதினால் உடனே அழித்துவிட வேண்டும். கம்பெனியை விலைக்கு வாங்க வருகிறவர்களின் வக்கீல்கள் ஒவ்வொன்றையும் கிளறிப் பார்ப்பார்களாம். பேச வேண்டியதை நேரில் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

எழுதாமல் எனக்கு யோசிக்க வராது. மகள் மதுமிதாவின் பள்ளியில் கொடுத்த டைரி ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் சிப் செய்வதில்லை. சிப்புக்குள் இருக்கும் ஒரு பகுதியை மட்டும் வடிவமைத்து, அதைப் பயன்படுத்திக்கொள்ள உரிமம் கொடுக்கிறோம். வீடு கட்டுகிறவர் ஜன்னலை வேறொருவரிடம் வாங்கிப் பொருத்துவதைப் போல, சிப் செய்கிறவர்கள் எங்கள் பிளாக்கை வாங்கிப் பொருத்திக்கொள்வார்கள். தகவலைச் சேமிப்பு நினைவகத்தில் எழுதுவதும், கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் அதன் வேலை. ஓசூரில் டயாலிசிஸ் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்றின் சிப்பில் எங்கள் பிளாக் இருக்கிறது.

போன மாதம் ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் வளர்மதி என்ற பெண்ணுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய் வந்தது. மெஷின் மறுபடி கிளம்பியபோது, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுப்பது என்ற அவருக்கான அளவை விட்டுவிட்டு, அவருக்கு முன்னால் அதே மெஷினில் படுத்திருந்த பருமனான மனிதரின் அளவை எடுத்துக்கொண்டது. உடம்பிலிருந்து நீரை அளவுக்கு மீறி இழுத்துவிட்டது. ரத்த அழுத்தம் விழுந்து நினைவு போனவர் இன்னும் கண் விழிக்கவில்லை.

டெக்னீஷியன் தப்பாக அழுத்திவிட்டாள் என்கிறது மருத்துவமனை. மெஷினுக்குள் ஏதோ சரியில்லை என்கிறார் ஓசூர் கம்பெனியின் இன்ஜினியர் ஜெசிந்தா. எங்கள் பிளாக்கில் எதுவும் இல்லை என்கிறார் சபாபதி சார்.

பிளாக்கின் எழுதும் பகுதியை வடிவமைத்தது மாறன். என் கணவன்.

வீட்டுக்கு வந்தால் மாவு ஆட்டி வைத்திருந்தான். நான் கேட்கவில்லை, அவனாகவே.

ஜூன் 11, புதன்

மாறன் காரைக் கழுவினான். நேற்றும் கழுவினான். சிறுவாணித் தண்ணீர் இரண்டு நாளாக வரவில்லை, இருக்கிற தண்ணீரைக் காரில் ஊற்றாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

சபாபதி சார் என்னைத் தனியே கூப்பிட்டார். ஓசூருக்குப் போன மூன்றாவது வெர்ஷனை நான் ஒருமுறை முழுதாகச் சோதித்து, பிளாக் சுத்தம் என்று அறிக்கை தர வேண்டும். அந்த வெர்ஷன் வெளியே போன காலத்தில் நான் வேறு குழுவில் இருந்தேன், அதனால் என் வார்த்தைக்கு மதிப்பு இருக்கும் என்றார். அமெரிக்காவில் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து, கோயம்புத்தூரிலேயே சிப் வடிவமைக்க முடியும் என்று காட்டிய மனிதர். எங்கள் கல்யாணத்தில் மாறன் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். நாங்கள் இரண்டு சாதி. மாறன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

"சுத்தம்னு வரணும்ங்கறதுக்காக டெஸ்ட் பண்ணாதீங்கம்மா, ஒழுங்காவே பண்ணுங்க. ஆனா சீக்கிரம் முடிங்க" என்றார். நல்ல பேச்சுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டாவது வாக்கியமே காதில் நின்றது.

மாறனிடம் சொன்னேன். "உன்கிட்டயா குடுத்தாரு?" என்றான். பிறகு மதுமிதாவுக்குக் கணக்குச் சொல்லித் தர உட்கார்ந்துவிட்டான். அவள் கணக்கில் நல்ல மார்க் வாங்குகிற பெண்.

ஜூன் 14, சனி

கம்ப்யூட்டரில் போலியாக ஓட்டிப் பார்க்கும்போது எந்தக் கணத்திலும் மின்சாரத்தை நிறுத்தலாம். எழுதத் தொடங்கும்போது, பாதியில், முடியும்போது என்று ஒவ்வொரு கணமாக நிறுத்திக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் பிளாக் ஒழுங்காக நடந்துகொண்டது, ஒரே ஓர் இடத்தைத் தவிர.

நினைவகம் தன் பழைய குப்பைகளை ஒதுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் புதுத் தகவல் வந்தால், பிளாக் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் நினைவகத்தில் எழுதுவதற்கு முன்பே "எழுதியாயிற்று" என்று மேலே பதில் சொல்லிவிடுகிறது. அந்த இடைவெளி கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட இராது என்றுதான் நினைப்போம். ஓட்டிப் பார்த்தால் அப்படி இல்லை. டயாலிசிஸ் மெஷினைப் போல மெதுவாக எழுதுகிற இடத்தில் அது நீண்டுகொண்டே போகிறது. அப்போது கரண்ட் போனால் புது அளவு காற்றோடு போகும், பழைய அளவு அப்படியே இருக்கும்.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதேதான்.

வரும் வழியில் கணபதிக் கடைத்தெருவில் இறங்கி மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கினேன். அளவு சேரவில்லை.

ஜூன் 16, திங்கள்

இப்போது எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும் நான்காவது வெர்ஷனில் அதே சோதனையை ஓட்டினேன். பிழையை அதிலும் காட்டிவிட்டால் இரண்டையும் சேர்த்துத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன்.

அதில் பிழை இல்லை.

அதே இடத்தில், அதே கணத்தில், பிளாக் பொறுமையாகக் காத்திருந்து எழுதி முடித்த பிறகே பதில் சொல்கிறது. தானாகத் திருந்துகிற பிழை இல்லை இது. யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள், திருத்தியிருக்கிறார்கள். மூன்றாவதை வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யார் மாற்றியது என்று பார்க்க ஒரு வரி தட்டினால் போதும். மணி ஆகிவிட்டது, மதுமிதாவைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டி வர வேண்டும் என்று எழுந்துவிட்டேன். வகுப்பு முடிய நேரம் நிறைய இருந்தது. காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 18, புதன்

இன்றும் பார்க்கவில்லை. வேலை அதிகம். எழுதும் பகுதியில் கை வைக்கிறவர்கள் மாறனைத் தவிர வேறு சிலரும் உண்டு. போன வருஷம் வேலையை விட்டுப்போன பையன்கூட ஒருவன் இருந்தான். அவனாக இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

ஓசூர் போய் ஜெசிந்தாவைச் சமாதானப்படுத்திவிட்டு வரும்படி சபாபதி சார் சொல்லியிருந்தார். சோதனையில் கண்டதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அறிக்கை முடியவில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். விடியற்காலையிலேயே கிளம்பினேன்.

ஜெசிந்தா என்னைவிட இளையவர். நாகர்கோவில்காரர். காபி வாங்கிக் கொடுத்தார், ஆனால் தன் இடத்தில் உட்கார வைத்துப் பேசவில்லை. "வாங்க மேடம், ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்து பேசுவோம்" என்று காரில் ஏற்றிக்கொண்டார். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு கிளைச் சாலை. தகரக் கூரை போட்ட வீடு. அங்கே இருந்தாள் டெக்னீஷியன் பொன்னரசி.

சின்னப் பெண். டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. மருத்துவமனை வேலையை விட்டு நிறுத்திவிட்டது. வளர்மதியின் வீட்டார் புகார் கொடுத்து, போலீஸ் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. அவள் அப்பா எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஜெசிந்தா கேட்கச் சொன்னதால் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். பலருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்த குரலில் சொன்னாள். வளர்மதியக்கா அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். எடை பார்த்து அளவைப் போட்டாள். கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்ததும் நாலு மெஷினும் ஒன்றாகக் கத்தின. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஊசி நழுவியிருந்தது, அங்கே ஓடினாள். திரும்பி வருவதற்குள் அக்காவுக்குக் கண் செருகிவிட்டது.

"திரும்பி வந்து அளவைப் பாக்கலைன்னு சொல்றாங்க. அது என் தப்புதாங்க, ஒத்துக்கறேன். ஆனா போடவே இல்லைங்கறாங்களே, அதான் தாங்கல. நான் போட்டேங்க்கா. சேவ்னு மெஷினே சொல்லுச்சு. சேவ்னு சொன்னதுக்கப்பறம் நான் என்னங்க்கா பண்ணணும்?"

திரும்பி வரும்போது ஜெசிந்தா காரைப் பெரிய சாலைக்குக் கொண்டு வந்தார். பிறகு, "உங்க பிளாக்ல இருக்குன்னு எனக்கு ப்ரூவ் பண்ண முடியாது மேடம். உங்க கோட் எங்களுக்குப் பூட்டிதான் குடுத்திருக்கீங்க. உள்ள எட்டிப் பாக்க உங்களாலதான் முடியும்" என்றார். அறிக்கை வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

இப்போதெல்லாம் பேப்பரை எடுத்தால் முதலில் மின்தடை அறிவிப்பைத்தான் பார்க்கிறேன். நாளை எந்தெந்த ஊரில் பராமரிப்புப் பணி, எந்தெந்தத் தெருவில் கரண்ட் இருக்காது. அந்த ஊர்களில் எங்கெங்கே டயாலிசிஸ் மையம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருந்தும் படிக்கிறேன். மாறன் எதிரே உட்கார்ந்து நான் படிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன தேடுகிறாய் என்று கேட்கவில்லை.

மத்தியானம் மீன் குழம்பு வைத்தேன். மதுமிதா மட்டும் சாப்பிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

வளர்மதி இறந்துவிட்டார். ஜெசிந்தா ஒரே வரியில் செய்தி அனுப்பியிருந்தார். தையல் வேலை செய்து வந்தவராம். ஆறாவது படிக்கும் மகன் இருக்கிறானாம்.

மாறனுக்குப் போனில் சொன்னேன். சரி என்றான். சிறிது நேரம் கழித்து அவன் இருக்கைப் பக்கம் போனேன். பை இருந்தது, அவன் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

அலுவலகம் கிளம்புவதற்கு முன் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மாறன் மேலே வந்து வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கொடுத்தான். போர்வை வந்தபோது இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழிந்தோம். அப்போதுதான் கேட்டான்.

"நாலாவதுலயும் ஓட்டிப் பாத்திருப்ப. யாரு மாத்தினதுன்னு பாத்தியா?"

"இல்ல."

"ஏன் பாக்கல?"

நான் போர்வையைக் கொடியில் போட்டேன்.

"நான்தான் லோசனி" என்றான்.

மீதியை அவனே சொன்னான். நான்காவது வெர்ஷனுக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. அதற்குள் ஓசூர்க்காரர்களின் சிப் தயாரிப்புக்குப் போய்விட்டது. சபாபதி சாரிடம் போய்ச் சொன்னான். சார் இரண்டு நாள் யோசித்தார். இப்போது சொன்னால் அவர்கள் சிப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும், நம்மோடு உறவை முறித்துக்கொள்வார்கள், கோடியில் ஒருமுறை நடக்கக்கூடிய ஒன்றுக்காகவா, அடுத்த வெர்ஷனில் திருத்திவிடு, போதும் என்றார்.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"டயாலிசிஸ் மெஷினுக்குப் போகுதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

கீழே மதுமிதா சாக்ஸ் எங்கே என்று கத்தினாள். அவன் போய் எடுத்துக் கொடுத்தான். நான் மேலேயே நின்றேன். ஒரு கேள்வி பாக்கி இருந்தது. வளர்மதி நினைவிழந்த செய்தி வந்த நாளிலேயே உனக்குத் தெரிந்துவிட்டதா? கேட்க வேண்டிய தேவை இல்லை. அந்த வாரம்தான் அவன் தூக்கம் வராமல் விடியலில் எழுந்து வாசலில் நிற்க ஆரம்பித்தான்.

ஜூன் 25, புதன்

நான் கோபப்படவில்லை. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சமையல் செய்தேன், அலுவலகம் போனேன், அவனோடு ஒரே காரில் திரும்பினேன். நாங்கள் படித்த காலத்திலிருந்தே அவன் தப்பை மறைக்கிறவன் இல்லை. லேபில் கருவி எரிந்தால் முதல் ஆளாகப் போய் ஒப்புக்கொள்வான். சபாபதி சார் சொன்னதைத் தட்ட முடியாத நிலைமை.

காரில் வரும்போது சொன்னேன். ஓசூருக்கு நீயே சொல்லிவிடு, என் வாயால் வேண்டாம், அந்த மெஷின்களை நிறுத்தினால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கம்பெனி கைமாறுகிற கையெழுத்து அடுத்த வாரம், அதுவரை பொறுக்கலாமா என்றான். அடுத்த வாரத்துக்குள் எத்தனை ஊரில் கரண்ட் போகும் என்று கேட்டேன். நாளைக்கே பேசுகிறேன் என்றான்.

ஜூன் 26, வியாழன்

பேசிவிட்டான். மத்தியானம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "ஜெசிந்தாட்ட சொல்லிட்டேன்" என்றான். என்ன சொன்னார் என்றதற்கு, அதிர்ச்சியாகத்தான் இருந்தார், மேலே பேசிவிட்டு நடவடிக்கை எடுப்பார்கள் என்றான். தயிர்ச் சாதத்தை முழுதும் சாப்பிட்டான்.

சாயங்காலம் மூவரும் வெளியே போய்ப் பரோட்டா சாப்பிட்டோம். மதுமிதா பாட்டுப் போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நீண்ட நாளைக்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வரும்போல் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

காலையில் ஜெசிந்தா கூப்பிட்டார். எடுத்ததும், நல்ல வேளை, மாறன் பேசினார் என்று தொடங்கப் போனேன். அதற்குள் அவர், "மேடம், உங்க ரிப்போர்ட் எப்ப வரும்னு இன்னைக்காவது சொல்லுங்க. பொன்னரசிய அரெஸ்ட் பண்ணுவாங்க போல இருக்கு" என்றார்.

நேற்று எங்களிடமிருந்து யாராவது பேசினார்களா என்று கேட்டேன்.

"இல்லையே. யாரு பேசணும்?"

மாறன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய்க் கேட்கவில்லை. ஜெசிந்தாவிடம், அங்கேயே இருங்கள், நான் வருகிறேன் என்றேன்.

பஸ்ஸில் போனேன். இரண்டு வெர்ஷனையும் ஓட்டிய சோதனையை ஜெசிந்தாவின் திரையில் போட்டுக் காட்டினேன். பழையதில் புது அளவு தொலைவதையும் புதியதில் தொலையாததையும் அவர் பார்த்தார். பிறகு, "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். எங்கள் கம்பெனிக்கு என்ற பொருளில்தான் சொன்னார். ஆமாம் என்றேன்.

என் கண்ணெதிரிலேயே அவர் மேலதிகாரியை அழைத்தார். நான் புறப்படுவதற்குள் எல்லா மருத்துவமனைகளுக்கும் மெஷினை நிறுத்தச் சொல்லிச் செய்தி போக ஆரம்பித்துவிட்டது. பக்கத்து அறையில் ஒருவர் ஊர் பெயரைச் சொல்லிச் சொல்லிப் போனில் பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது. ஆம்பூர். அரூர். நாமக்கல். சங்ககிரி.

ஜூன் 28, சனி

"சொல்லலாம்னுதான் போனை எடுத்தேன்" என்றான் மாறன். "நம்பரும் போட்டேன். ரிங் போச்சு. கட் பண்ணிட்டேன். நாளைக்குச் சொல்லிடலாம், எப்படியும் சொல்லத்தானே போறோம்னு தோணுச்சு. அதான் உன்கிட்ட அப்படிச் சொன்னேன்."

இந்தமுறை எனக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கையிலிருந்த தட்டைத் தொட்டியில் எறிந்தேன். மதுமிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

சபாபதி சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உட்காரச் சொன்னார். வாங்க வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்றார். வெளியே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைக் கண்ணாடி வழியாகக் காட்டி, இவர்களில் எத்தனை பேரை ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியும் என்று தெரியவில்லை என்றார்.

"எங்கிட்ட வந்திருக்கலாமேம்மா" என்றார்.

"மாறன் வந்தானே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வயதாகிவிட்டது என்பதை இன்றுதான் கவனித்தேன். ராஜினாமாவை மேசைமேல் வைத்தேன். எடுத்துப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது என்னோடு தினமும் டீ குடிக்கிற சுபாங்கி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் போன மாதம்தான் வீடு வாங்கினாள்.

ஜூலை 4, வெள்ளி

மாறன் ஈரோட்டுக்கு அவன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறான். சில நாள் அங்கே இருந்துவிட்டு வருவான். எங்கள் கல்யாணத்துக்கு வராத அண்ணன். அப்பாவுக்கு ஆபீஸ் வேலை என்று மதுமிதாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். சண்டை நடந்த அன்றே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

ஜூலை 12, சனி

குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வரவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். பழைய இடத்திலிருந்து ஏன் விலகினீர்கள் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் தோன்றாமல் மூடிவிட்டேன்.

ஜூலை 19, சனி

ஜெசிந்தா பேசினார். பொன்னரசிமேல் இருக்கிற வழக்கு அப்படியே நிற்கிறதாம். மெஷினில் பிழை என்று கம்பெனி சொன்னாலும், பிழை இருப்பது யாருக்கு எப்போது தெரியும் என்று போலீஸ் கேட்கிறதாம். அது தெரிந்த ஒருவர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்தால் அந்தப் பெண்ணை விட்டுவிடுவார்கள். யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. வருகிறேன் என்றேன்.

மாறனிடம் போனில் சொன்னேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்டான். பிறகு, "பஸ்ல போகாத. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

ஜூலை 22, செவ்வாய்

விடியும்போது கிளம்பினோம். வழியில் சேலத்தில் இட்லி சாப்பிட்டோம். எனக்குப் பிடிக்காது என்று வடையை அவனே எடுத்துக்கொண்டான். பெருந்துறை, சங்ககிரி, தொப்பூர் என்று ஊர்கள் கழிந்தன. இளைத்திருக்கிறான். ஸ்டேஷன் வாசலில் வேப்ப மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, நீ போ என்றான்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நான் சொன்னதை ஏட்டு ஒருவர் எழுதிக்கொண்டே வந்தார். பிளாக் என்றால் என்ன, வெர்ஷன் என்றால் என்ன என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பிழையை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்ற இடம் வந்தது. சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதினார். திருமாறன்.

"இவரு உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க வீட்டுக்காரருங்க."

ஏட்டின் பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். மனைவி என்பதால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை, யோசித்துச் சொல்லலாம் என்றார். எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஏட்டு தலையைக் குனிந்து எழுதினார். அடியில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வராந்தா பெஞ்சில் பொன்னரசி தன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தேன். தோளைத் தொட்டுவிட்டு நடந்துவிட்டேன்.

மாறன் காருக்கு வெளியே நின்றிருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

சாவியை என் கையில் கொடுத்தான். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான். கூப்பிட்டு அனுப்பட்டும், அப்போது வரலாம் என்று சொல்ல நினைத்தேன். அவன் அதற்குள் பாதி தூரம் போய்விட்டான். படியேறி உள்ளே போனான். பொன்னரசியின் அப்பா யாரோ அதிகாரி என்று நினைத்து அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

வெயில் ஏறிவிட்டது. காருக்குள் உட்கார்ந்து கதவைத் திறந்தே வைத்திருந்தேன். மதுமிதா பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்து போன் செய்தபோதும் அவன் வெளியே வரவில்லை. சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள். தோசை மாவு பிரிட்ஜில் இருக்கிறது என்றேன்.

"அப்பா எங்கம்மா?"

"உள்ள இருக்காரு."

எப்போது வருவார் என்றாள். தெரியவில்லை என்றேன்.